இதயம் இங்கே! மருத்துவம் எங்கே?

தோழா!

மேடையில் நான் எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறேன்! வாளால் அன்று, எழுதுகோலால். மூன்றாம் காட்சியில் பண்ணையார் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். தள்ளாடி ஓரடி முன்னே வருவார். செய்த கொடுமைகளையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்புக்கொள்வார். கைதட்டல் ஓயும். அதன் பிறகே சாய்வார். திரை விழும். மேடைக்கு வரும் மாரடைப்பு மிகவும் மரியாதை தெரிந்த விருந்தாளி. வசனம் முடியும் வரையில் வாசலில் காத்து நிற்கும்!

மெய்யான மாரடைப்பு அப்படிக் காத்து நிற்பதில்லை. அதை நான் கண்டது மேடையின் மீதல்ல, மேடைக்குப் பின்னால்.

எங்கள் குழுவில் ஓர் ஒப்பனைக்காரர் இருந்தார். வயது 52. மன்னனுக்கு மீசை ஒட்டுவார், மந்திரிக்கு நரை பூசுவார், இருபது வயது இளைஞனை எண்பது வயதுக் கிழவனாக்கி அனுப்புவார். ஒரு சிற்றூரில் நாடகம். இரவு ஒன்பது மணி. "நெஞ்சிலே பாறாங்கல்லைத் தூக்கி வைத்தாற்போல் இருக்கிறது, தம்பி" என்றார். வியர்வை ஆறாய் வழிந்தது. தாடை வலிக்கிறது என்றார். "வாயுவாக இருக்கும்" என்றனர் சுற்றி நின்றோர். ஓமத் தண்ணீர் வந்தது. அரை மணி நேரம் போயிற்று.

பிறகு பக்கத்து ஊர் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். இளம் மருத்துவர் ஒருவர் இருந்தார். அன்பானவர். தூக்கத்திலிருந்து எழுந்தவர் முகம் சுளிக்கவில்லை. மூலையில் துணி போர்த்திய இ.சி.ஜி. கருவி. துணியை விலக்கினார், கம்பிகளைப் பொருத்தினார், தாளை உருவினார். பார்த்தார். மீண்டும் பார்த்தார். அவர் முகம் வாடிற்று. "இதைப் படித்துச் சொல்ல எனக்குப் போதிய பழக்கம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுங்கள்" என்றார்.

கொண்டுபோனோம். இரண்டரை மணி நேரப் பயணம். அங்கே நிபுணர்கள் ஓடி வந்தனர், கருவிகள் உருண்டு வந்தன. ஆனால் எங்கள் ஒப்பனைக்காரரின் இதயத் தசை அதற்குள் செத்துவிட்டிருந்தது. விடியற்காலையில் அவரும் போய்விட்டார். ஆயிரம் முகங்களுக்கு வண்ணம் தந்தவரின் முகத்தில் அன்று வண்ணமே இல்லை.

முதலில் கொடுத்திருக்க வேண்டிய ஆஸ்பிரின் மாத்திரை அந்தச் சிறிய மருத்துவமனையின் அலமாரியிலேயே இருந்தது என்பதைப் பின்னர் அறிந்தேன். மருந்து இருந்தது. கருவி இருந்தது. மருத்துவரும் இருந்தார். இல்லாதது ஒன்றே ஒன்று: பயிற்சி!

"கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன், பவுடர் வாசனையிலும் பந்தல் வெளிச்சத்திலும் வளர்ந்தவன். மருத்துவத்தைப் பற்றிப் பேச இவனுக்கென்ன தகுதி?" என்று கேட்போர் உளர். கேட்கட்டும். நான் மருந்துச் சீட்டு எழுத வரவில்லை, தோழா! வழக்குத் தொடுக்க வந்திருக்கிறேன். குற்றவாளிக் கூண்டில் அந்த இளம் மருத்துவரை நான் நிறுத்தப் போவதில்லை. அவரை அரைகுறையாய்ப் பழக்கி, தன்னந்தனியாய் அந்த ஊருக்கு அனுப்பிவிட்டு, "இதயமா? அது நிபுணரின் சொத்து, நீ தொடாதே!" என்று சொல்லி வைத்திருக்கிறதே ஓர் ஏற்பாடு, அதைத்தான் நிறுத்தப் போகிறேன்.

சிறிய நோயா இது? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ஆம் ஆண்டில் மட்டும் இதய, இரத்தக் குழாய் நோய்களால் மாண்டவர்கள் 1 கோடியே 79 இலட்சம் பேர். உலகில் அவ்வாண்டு நிகழ்ந்த மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த பேராய்வு ஒன்று 2023-இல் வெளியாயிற்று. நம் நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் இரத்தக் கொதிப்பு, நூற்றுக்கு 11 பேருக்கு மேல் நீரிழிவு என்றது அது. உன் தெருவிலே மூன்று வீட்டுக் கதவைத் தட்டினால், திறக்கும் மூவரில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு! அந்த ஒருவருக்கு அது தெரியுமா? தெரியாது. அது வலிக்காது, குத்தாது, குடையாது. ஓசையின்றி உள்ளே இருந்து சுவரை அரிக்கும் கறையான் அது. வீடு சரிந்த பிறகே வெளியே தெரியும். பக்கவாதம் என்றும் மாரடைப்பு என்றும் அதற்குப் பெயர் வைப்போம்.

இத்தனை கோடிப் பேரையும் நிபுணரே பார்ப்பதென்றால் நடக்கக் கூடியதா? நிபுணர்கள் ஆயிரக்கணக்கில், நோயாளிகள் கோடிக்கணக்கில். நிபுணர் மாநகரில், நோயாளி மண்சாலையின் முடிவில். ஆகவேதான் சொல்கிறேன்: அருகிலிருக்கும் மருத்துவர் கையில் இதய மருத்துவத்தை ஒப்படையுங்கள். ஒப்படைக்குமுன் அவரைப் பழக்குங்கள். என் வழக்கு இவ்வளவே.

"நிபுணர் அருகிருந்தாலே போதுமே!" என்பார்க்கு ஒரு வரலாறு சொல்கிறேன், கேள்.

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டை அறிவாய். உலகப் போரை நடத்தியவர். அவருடைய அன்றாட மருத்துவராக இருந்த மெக்கின்டயர், காது மூக்கு தொண்டை மருத்துவத்தில் தேர்ந்தவர். அதிபரின் தொண்டையும் மூக்கும் அக்கறையோடு கவனிக்கப்பட்டன. இரத்த அழுத்தமோ ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போயிற்று. 1944 மார்ச்சில்தான் புரூயன் என்னும் இளம் இதய மருத்துவர் அவரைச் சோதித்தார். அழுத்தம் 186-க்கு 108. இதயம் வீங்கித் தளர்ந்திருந்தது. 1945 ஏப்ரல் 12-ஆம் நாள், அழுத்தம் 300-க்கு 190. மூளையில் இரத்தக் குழாய் வெடித்தது. படைகளை நகர்த்திய கை அசைவற்றுக் கிடந்தது.

வெள்ளை மாளிகையில் மருத்துவருக்கா பஞ்சம்? ஆனால் அன்றாடம் பார்த்தவருக்கு இதயம் தன் துறை அன்று! இன்னொன்றையும் நேர்மையோடு சொல்ல வேண்டும்: அந்நாளில் இரத்தக் கொதிப்பைத் தணிக்க நல்ல மருந்தும் இல்லை. கண்டுபிடித்திருந்தாலும் பெரிதாய்த் தடுத்திருக்க முடியாது. இன்றைய நிலை என்ன? அதிபருக்குக் கிடைக்காத மருந்து உழவனுக்குக் கிடைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றியே கிடைக்கிறது! அம்லோடிபின் என்ற சின்னஞ்சிறு மாத்திரை, ரூஸ்வெல்ட்டின் பெருஞ்செல்வத்தால் வாங்க இயலாத ஒன்று. அன்று சாக்குச் சொல்ல இடமிருந்தது. இன்று இல்லை.

மாளிகையைப் பார்த்தாய். இனிக் குடிசைக்கு வா. இங்கிலாந்துக்கு மேற்கே வேல்சு நாடு. அங்கே கிளின்கோரக் என்றொரு சுரங்கச் சிற்றூர். நிலக்கரி தோண்டும் தொழிலாளர், நெரிசலான வீடுகள், நுரையீரல் நிறையக் கரித்தூள். 1961-இல் அவ்வூருக்கு ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற குடும்ப மருத்துவர் வந்தார். அவர் இதய நிபுணர் அல்லர். சளிக்கும் காய்ச்சலுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் ஊர் நாடும் மருத்துவர்.

அவர் செய்தது என்ன? நோயாளி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. ஊரிலிருந்த வயது வந்தோர் அனைவரையும் தேடித் தேடி இரத்த அழுத்தம் பார்த்தார். கால் வலி என்று வந்தவனுக்கும் பார்த்தார், மனைவிக்கு மருந்து வாங்க வந்தவனுக்கும் பார்த்தார். கண்டதை ஏட்டில் எழுதினார். எழுதியதை ஆண்டுதோறும் தாமே தணிக்கை செய்தார். 25 ஆண்டுக் கணக்கை 1991-இல் வெளியிட்டார். அவர் கண்டறிந்த 116 இரத்தக் கொதிப்பாளரின் சராசரி அழுத்தம் தொடக்கத்தில் 186-க்கு 110. ஏறக்குறைய ரூஸ்வெல்ட்டின் அதே அளவு! மருந்தும் கண்காணிப்பும் அதை 146-க்கு 84 ஆக்கின. அவர்களில் புகைப்போர் நூற்றுக்கு 56-இலிருந்து 20-ஆகக் குறைந்தனர். இப்படித் தேடிப் பாராத அண்டைச் சிற்றூரோடு ஒப்பிட்டபோது, அகால மரணம் இவ்வூரில் குறைவாக இருந்தது.

அதிபரைச் சாய்த்த அழுத்தத்தைச் சுரங்கத் தொழிலாளிக்குக் குறைத்துக் காட்டினார் ஒரு சிற்றூர் மருத்துவர்! கையில் என்ன வைத்திருந்தார்? அழுத்தமானி ஒன்று, ஏடு ஒன்று, எவரையும் விட்டுவிடக் கூடாதென்ற பிடிவாதம் ஒன்று.

அவரே 1971-இல் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் ஒரு விதியை எழுதினார். மருத்துவத்தின் தலைகீழ் விதி என்று அதைச் சொல்லலாம். நல்ல மருத்துவம் யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கு அது மிகவும் குறைவாகவே கிட்டும். மருத்துவம் சந்தைச் சரக்காக ஆக ஆக, இந்த அநீதி வளரும். வேல்சு நாட்டுச் சுரங்க ஊரில் நின்று அவர் எழுதியது நம் ஊருக்கும் பொருந்துகிறதா இல்லையா? பணம் படைத்தவன் நெஞ்சு லேசாய்ப் படபடத்தால் நான்கு நிபுணர்கள் கூடுகின்றனர். பாரம் சுமப்பவன் நெஞ்சு அடைத்தால் ஓமத் தண்ணீர்!

உடனே எழுகிறார்கள் சிலர். "அரைகுறை அறிவு ஆபத்து! இதயம் விளையாட்டுப் பொருளா? நிபுணர் மட்டுமே தொட வேண்டும்!"

அவர்களைக் கேட்கிறேன்: அரைகுறை அறிவு ஆபத்து என்றால் அதை முழுமையாக்குவது மருந்தா, அப்படியே விட்டுவைப்பது மருந்தா? நீச்சல் தெரியாதவன் ஆற்றில் இறங்கக் கூடாது, சரி. ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்பவனுக்கு நீச்சல் கற்றுத் தராமல் இருப்பது எந்த ஊர் நியாயம்? நிபுணர் வேண்டாமென்று எவன் சொன்னான்? இரத்தக் குழாயில் கம்பி வலை பொருத்த அவர் வேண்டும். வால்வு மாற்ற அவர் வேண்டும். சிக்கலை அவிழ்க்க அவர் வேண்டும். ஆனால் மாதம் தவறாமல் அழுத்தம் பார்த்து மாத்திரை மாற்றவும் அவரேதான் வேண்டுமென்றால், உழவன் ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக்குச் செலவழித்து, மாநகரின் நீண்ட வரிசையில் நின்று, "எதற்கு இந்தப் பாடு?" என்று மருந்தையே நிறுத்திவிடுகிறான். ஆறு மாதம் கழித்துக் கை கால் விழுந்து அதே நிபுணரிடம் படுத்த படுக்கையாய் வருகிறான். நிபுணரின் பெருமையைக் காக்கும் வழியா இது?

"நாளெல்லாம் நோயாளிக் கூட்டத்தைப் பார்க்கும் மருத்துவருக்கு நேரமேது?" என்பது மற்றொரு கேள்வி. இது நியாயமான கேள்வி. ஆகவே மருத்துவரை மட்டும் பழக்கினால் போதாது. அவரைச் சூழ்ந்த செவிலியரையும் பழக்க வேண்டும். இந்தியாவில் 2017-இல் தொடங்கிய இரத்தக் கொதிப்புக் கட்டுப்பாட்டு முயற்சி இந்த வழியில்தான் நடந்தது. எந்த அழுத்தத்துக்கு எந்த மருந்து, குறையாவிட்டால் அடுத்து எது என்று படிப்படியாக எழுதிய ஒரே முறை. அளப்பதும் குறிப்பதும் செவிலியர், முடிவெடுப்பது மருத்துவர். வேலையைப் பகிர்ந்தால் நேரம் பிறக்கும்.

நடக்காத ஒன்றையா கேட்கிறேன்? நம் தமிழ்நாட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2012-க்கும் 2014-க்கும் இடையே ஓர் ஏற்பாடு சோதித்துப் பார்க்கப்பட்டது. சிறிய மருத்துவமனைகள் இ.சி.ஜி. எடுத்து, பெரிய மருத்துவமனையோடு இணைந்து, அவசர ஊர்தியும் சேர்ந்து, கடும் மாரடைப்பாளரை உடனுக்குடன் கவனிக்கும் ஏற்பாடு. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை முதலில் தொட்ட இடத்திலேயே செலுத்தலாம், பிறகு பெரிய இடத்துக்கு அனுப்பலாம். மொத்தம் 2,420 நோயாளிகளை ஆராய்ந்தனர். ஏற்பாட்டுக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 17.6. ஏற்பாட்டுக்குப் பின் 14.2. நூற்றுக்கு மூன்று உயிருக்கு மேல்! அந்த மூவரில் ஒருவராக எங்கள் ஒப்பனைக்காரர் இருந்திருக்கக் கூடாதா?

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிற்று. பெண் தொண்டர்கள் வீடு வீடாய்ச் சென்று அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தனர், மாத்திரை கொடுத்தனர். 2023-இல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது. மாரடைப்பின் முதல் மருந்துகளான ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் அடார்வாஸ்டாட்டினும் துணை சுகாதார நிலையம் வரை சென்றன. பாராட்ட வேண்டியவை இவை. எவர் ஆண்டாலும் தொடர வேண்டியவை.

ஆனால், தோழா, வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து கொடுப்பவர். நோயுற்றவரைத் தேடிப் போனோம். மருந்தைக் கொண்டுபோனோம். கொடுப்பவரையும் அமர்த்தினோம். நான்கில் மூன்றைச் செய்தாயிற்று. தீர்ப்பவர்? முக்காலியின் மேல் உட்காரலாம். ஆனால் நான்கு கால் கட்டிலில் ஒரு கால் இல்லையென்றால் படுக்க முடியுமா?

அவர் கற்க வேண்டியது கடலளவன்று. ஐந்து நிமிடம் அமரச் செய்து, கையை இதயத்தின் மட்டத்தில் வைத்து, முறையாக அழுத்தம் அளக்க வேண்டும். இ.சி.ஜி. தாளில் மாரடைப்பின் கோட்டைக் கண்டவுடன் அறிய வேண்டும். நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் களைப்பும் மூச்சுத் திணறலுமாக வரும் மாரடைப்பு, பெண்களிடத்தும் நீரிழிவாளரிடத்தும் உண்டு என்பதை மறவாதிருக்க வேண்டும். படுத்தால் மூச்சு முட்டும், எழுந்தால் கால் வீங்கும் முதியவருக்கு இதயம் தளர்கிறது என உணர வேண்டும். நாடி தாளம் தப்பித் துடித்தால் அங்கே ஒரு பக்கவாதம் காத்திருக்கக் கூடும் என்று அஞ்ச வேண்டும். நான்கு எட்டு நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது என்னும் பீடித் தொழிலாளியின் காலில் நாடி தொட்டுப் பார்க்க வேண்டும். தொண்டைப் புண்ணோடு வரும் குடிசைக் குழந்தையைத் தட்டிக் கழிக்காதிருக்க வேண்டும்; அந்தப் புண் சிலருக்கு வாதக் காய்ச்சலாகி இதய வால்வையே அரித்துவிடும், உரிய வேளையில் பென்சிலின் தந்தால் தடுத்துவிடலாம். அனைத்திற்கும் மேலாக, எதைத் தாமே பார்ப்பது, எதை எப்போது அனுப்புவது என்ற தெளிவு வேண்டும்.

இதைக் கற்பிக்க என்ன தடை? 1946-இலேயே போர் குழு, நாட்டுக்குத் தேவை ஊரோடு ஒன்றிய அடிப்படை மருத்துவர் என்று அறிக்கை தந்தது. 2017 தேசிய நலவாழ்வுக் கொள்கையும் குடும்ப மருத்துவப் படிப்பைப் பரப்பச் சொன்னது. ஏட்டிலே இருக்கிறது, நாட்டிலே இல்லை! மிகப் பல மருத்துவக் கல்லூரிகளில் குடும்ப மருத்துவத்துக்கென்று தனித் துறை இல்லை. மாணவனுக்குப் பாடம் சொல்பவர் எல்லாம் நிபுணர். அவன் பார்ப்பதெல்லாம் பெரிய மருத்துவமனை நோயாளி. பயிற்சி மருத்துவனாய் வார்டிலே நிற்க வேண்டிய ஓராண்டில், முதுநிலை நுழைவுத் தேர்வுக்காக நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வித்தையைக் கற்கிறான். நோயாளியின் நெஞ்சோ நான்கு விடைகளை அச்சிட்டுக் கொண்டு வருவதில்லை!

வழியில்லாமலும் இல்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, பணியிலிருக்கும் மருத்துவருக்கே தொலைநிலைக் கல்வி வழியே குடும்ப மருத்துவப் பட்டயம் கற்பித்து வந்திருக்கிறது. ஊரை விட்டு அகலாமல், நோயாளியை விட்டுப் பிரியாமல் கற்கும் வழி அது. ஒரு கல்லூரியால் முடிந்தது ஓர் அரசால் முடியாதா?

ஆகவே கேட்போம். மருத்துவக் கல்லூரிதோறும் குடும்ப மருத்துவத் துறை வேண்டும். பயிற்சி ஆண்டில் சில மாதங்கள், இ.சி.ஜி. தாளும் அழுத்தமானியுமாய் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெய்யான பழக்கம் வேண்டும். இப்போது பணியிலிருப்போருக்கு ஆண்டுதோறும் பயிற்சியும், ஐயம் வந்தால் நள்ளிரவிலும் கேட்க ஒரு நிபுணரின் குரலும் வேண்டும். குடும்ப மருத்துவருக்கு நிபுணருக்கு நிகரான ஊதியமும் மதிப்பும் வேண்டும். "வெறும் எம்.பி.பி.எஸ்.தானா?" என்று கேட்கும் நாவு நம் வீட்டிலும் இருக்கிறது. அதை முதலில் அடக்குவோம்!

உனக்கும் வேலை உண்டு, தோழா! இந்த ஞாயிறு கழிந்ததும் உன் அழுத்தத்தை அளந்துகொள். உன் தாயையும் தந்தையையும் அழைத்துச் செல். அடுத்த கிராம சபையில் எழுந்து நில். தெரு விளக்கையும் குடிநீர்க் குழாயையும் கேட்பதோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேள்: "நம் சுகாதார நிலையத்தில் இ.சி.ஜி. கருவி இயங்குகிறதா? இரவு ஒன்பது மணிக்கு அதன் தாளைப் படிக்க ஆள் இருக்கிறாரா?"

முதல் கேள்விக்கு விடை எளிதில் கிடைக்கும். இரண்டாம் கேள்விக்குக் கிடைக்கும் வரையில் உட்காராதே!

எங்கள் நாடகம் மீண்டும் நடக்கிறது. புதிய ஒப்பனைக்காரர் வந்திருக்கிறார். பண்ணையார் வழக்கம்போல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வசனம் பேசுகிறார், மக்கள் கைதட்டுகிறார்கள். நான் மட்டும் திரைக்குப் பின்னால் நின்று எண்ணிப் பார்க்கிறேன்: அருகிலிருந்த அந்த இளைஞருக்கு அந்தத் தாளைப் படிக்க எவரேனும் கற்றுக் கொடுத்திருந்தால்?

கற்றுக் கொடுக்கச் செய்வோம்!